ஏணைக்குள்ளிருந்து பார்க்கும் நாவல்

திருகோணமலைக் கோட்டை வாசலால் உள்ளே போனால் மர நிழலில் புள்ளிமான்கள் படுத்துக் கிடக்கும். கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் அவற்றைப் பெரிதாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. தகப்பனின் இடுப்பில் இருக்கும் 14 மாதப் பிள்ளை பார்க்கும். கையை நீட்டி "ம்பா!" என்னும். "ம்பா இல்ல ராசா, இது மான்" என்பார் தகப்பன். பிள்ளை இன்னும் உறுதியாகத் திரும்பவும் சொல்லும்: "ம்பா!"

தகப்பனின் காதுக்கு அது பிழையான சொல். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே பெரிய வேலையொன்று நடந்து முடிந்திருக்கிறது. தெருவில் கண்ட மாடு, அயல்வீட்டு ஆடு, இப்போது இந்த மான். மூன்றுக்கும் நாலு கால், ஒரு வால், தானாக அசைகிற உடம்பு. இந்தப் பொதுமையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை தானே கண்டுபிடித்து, கைவசம் இருந்த ஒரே சொல்லை மூன்றுக்கும் சூட்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் நாவல்கள் உண்டு. பிறப்பிலிருந்து ஏறக்குறைய மூன்று வயது வரை ஒரு மனம் எப்படி உலகத்துக்குக் கண் திறக்கிறது என்பதே அவற்றின் கதை. இந்தக் கட்டுரைக்குள் அவற்றை 'விழிப்பு நாவல்' என்று அழைப்போம். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் உடனே எழும். "பால்குடிப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? எழுத்தாளர் சும்மா கற்பனை பண்ணுறார்" என்பது ஒன்று. "அப்பிடியில்ல, எனக்கே ஏணையில ஆடினது ஞாபகம் இருக்கு, அவருக்கும் இருந்திருக்கும்" என்பது மற்றது. இரண்டும் தவறு. எங்கே தவறு என்று பிடிபட்டால் இந்த நாவல்களை வாசிப்பதும் எளிது, எழுதிப் பார்ப்பதும் எளிது.

## மூன்றை ஒன்றாகக் குழப்புகிறோம்

திருகோணமலையின் டச்பே கடற்கரையில் விடியலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சூரியன் தலைகாட்டுவதற்கு நெடுநேரம் முன்பே வெளிச்சம் வந்துவிடும். முதலில் கடல் வேறு வானம் வேறு என்று தெரியும். பிறகு கரையில் இழுத்து விட்ட வள்ளங்கள் கறுத்த உருவங்களாகத் தெரியும். பிறகு அவற்றின் நிறம். சூரியன் கடைசியில்தான் வரும். இந்த நேரம்தான் விடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சூரியன் வரவில்லை என்பதற்காக இருட்டு என்றும் சொல்ல முடியாது.

பிள்ளை மனதும் இப்படிப் படிப்படியாகத்தான் விடிகிறது. அதில் மூன்று கட்டங்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது நனவு. எதையாவது உணர்ந்துகொண்டிருப்பதுதான் நனவு: பசி, சூடு, வெளிச்சம், ஒரு குரல். இரண்டாவது தன்னுணர்வு. உணர்கிறவள் நான், மற்றவர்களிலிருந்து வேறான ஒருத்தி என்று அறிவது. மூன்றாவது தன்கதை நினைவு. அன்று எனக்கு இது நடந்தது என்று பின்னாளில் எடுத்துச் சொல்லக்கூடியபடி ஒன்றைச் சேமித்து வைப்பது.

நனவு பிறக்கும்போதே இருக்கிறது. தன்னுணர்வு இரண்டாம் வயதில் தெளிகிறது. தன்கதை நினைவு மூன்று வயதை ஒட்டித்தான் கால் ஊன்றுகிறது. "பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது" என்பவர் மூன்றாவது இல்லாததைக் கண்டு முதலாவதும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். "ஏணையில ஆடினது ஞாபகம்" என்பவர் முதலாவது இருந்ததால் மூன்றாவதும் இருந்திருக்கும் என்று நம்புகிறார்.

இந்தக் குழப்பத்தின் விலை ஒருகாலத்தில் பச்சைக் குழந்தைகளின் உடம்பில் விழுந்தது. பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற எண்ணத்தில், 1980கள் வரை பல நாடுகளில் போதிய வலிமருந்து இல்லாமலே சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் 1987இல் அதற்கு மாறான சான்றுகளைத் திரட்டி வெளியிட்டார்கள். அதற்குப் பின்னரே அந்த வழக்கம் வேகமாக மாறத் தொடங்கியது. நினைவில் நிற்காத வலியும் வலிக்கும்போது வலிதான்.

சுருக்கமாக: உணர்வது, உணர்கிறவள் நானென்று அறிவது, பிறகு அதைச் சொல்ல முடிவது என மூன்று கட்டம். விழிப்பு நாவலின் களம் முதலாவதிலிருந்து மூன்றாவது வரையான இடைவெளி.

## ஒரு முழத்துக்குள் ஓர் உலகம்

பிறந்த பிள்ளையின் கண் 20 முதல் 30 சென்றிமீற்றர் தூரத்தில் இருப்பதைத்தான் ஓரளவு தெளிவாகக் காணும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருப்பது அந்தத் தூரத்தில்தான். அதற்கு அப்பால் எல்லாம் கலங்கல்: வெளிச்சமான இடம், இருண்ட இடம், அசைவு. நிறங்கள் அடுத்த சில மாதங்களில்தான் நன்றாகப் பிரிந்து தெரியவரும்.

ஆகவே முதல் மாதப் பிள்ளையின் கண் வழியாக எழுதும் ஒருவர் "சன்னலுக்கு வெளியே நீலக் கடல் தெரிந்தது" என்று எழுதினால் அந்த வசனம் அங்கேயே உடைந்து போகிறது. நீலமும் இல்லை, கடலும் இல்லை, சன்னலுக்கு வெளியே என்ற இடமும் இல்லை. சன்னல் இருக்கும் பக்கம் ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் இருக்கிறது.

காது கண்ணை விட வெகுதூரம் முன்னால் போய்விட்டிருக்கும். தாயின் குரலைப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மாதக்கணக்கில் கேட்டிருக்கிறது. டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் 1980இல் ஒரு சூப்பியை ஒலிநாடாக் கருவியோடு இணைத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் வரும், வேறு விதமாகச் சூப்பினால் வேறொரு பெண்ணின் குரல். மூன்று நாள்கூட நிரம்பாத பிள்ளைகள் தாயின் குரல் வரும்படி தம் சூப்பலை மாற்றிக்கொண்டன. மணமும் அப்படித்தான். தாயின் பால் மணத்தைப் பிள்ளை சில நாட்களிலேயே பிரித்தறியும்.

தொல்காப்பியம் உயிர்களை அறிவின் வரிசையில் அடுக்கும்போது தொடுகையில் தொடங்கி, சுவை, மணம், காட்சி, கேள்வி, கடைசியாக மனம் என்று போகிறது. அது உயிர்வகைகளைப் பற்றிய வரிசை, பிள்ளை வளர்ச்சியைப் பற்றியது இல்லை. என்றாலும் விழிப்பு நாவல் எழுத வருகிறவர் அந்த வரிசையை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கருவிலும் தொடுகைதான் முதலில் விழிக்கிறது. ஒரேயொரு திருத்தம் வேண்டும்: காட்சியையும் கேள்வியையும் இடம் மாற்றுங்கள். ஐம்புலனில் கடைசியாக முதிர்வது கண்.

ஏணையை எடுத்துக்கொள்வோம். வளையிலிருந்து சேலை தொங்குகிறது. உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் துணி முகத்துக்குக் கிட்ட நிற்கிறது. அது தெளிவாகத் தெரியும் தூரம். துணியில் அம்மாவின் உடம்பு மணம். ஆட்டம் போகிறது, வருகிறது. போகும்போது துணி வெளிச்சமாகிறது, வரும்போது இருள்கிறது. வளையில் கயிறு உரசும் ஒலி அதே தாளத்தில். ஆட்டுகிற கை தெரியாது. ஆட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பதும் தெரியாது. இந்த ஏழெட்டு வசனத்துக்குள் வேண்டிய எல்லாம் இருக்கிறது. நல்ல விழிப்பு நாவல் ஒன்று இதிலேயே மூன்று பக்கம் தங்கும்.

## மறைந்தது எங்கே போகிறது?

"எங்க அம்மா? காணேல்ல... இந்தா!" என்று முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை அதில் இவ்வளவு சிரிப்பதற்குக் காரணம் பொருள்நிலைப்பு: கண்ணுக்கு மறைந்த பொருளும் தொடர்ந்து இருக்கிறது என்ற அறிவு.

கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால் ஐந்து மாதப் பிள்ளை பெரும்பாலும் தேடாது. எட்டு மாதமளவில் துணியை இழுத்து எடுக்கும். இதைப் பதிவுசெய்த உளவியலாளர் ழான் பியாஜே, எட்டு மாதத்துக்கு முந்திய பிள்ளைக்கு மறைந்த பொருள் இல்லாத பொருள் என்று கருதினார். ரெனே பையார்ஜோன் என்ற ஆய்வாளர் 1980களில் வேறு வழியில் சோதித்தார். கையால் தேடச் சொல்லாமல், கண் எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்தார். பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பெட்டியை ஊடறுத்துப் பலகை சாய்வது போன்ற நடக்க முடியாத காட்சியை, நாலு மாதமளவான பிள்ளைகள் கூடுதல் நேரம் பார்த்தன. பெட்டி இன்னும் அங்கே இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு ஏதோ அளவில் இருந்திருக்கிறது. கை தேடக் கற்பதற்கு முன்பே கண் எதிர்பார்க்கிறது.

எழுத்துக்கு இது முக்கியமான இடம். ஆறு மாதப் பிள்ளை, அம்மா அறையை விட்டுப் போனதும் "அம்மா கடைக்குப் போய்விட்டாள்" என்று நினைக்காது. கடை என்ற இடம் அதற்கு இல்லை. ஆனால் ஒரு குறை தெரியும்: இருக்க வேண்டியது இல்லை. அம்மாவை எழுதாமல் அந்தக் குறையை எழுத வேண்டும். எட்டு மாதத்துக்குப் பிறகு கதை மாறும். பிள்ளை வாசலைப் பார்த்து அழும். புதிய ஆட்கள் தூக்கினால் முகம் சுருங்கும். "பிள்ளை முகம் பாக்கத் தொடங்கீட்டுது" என்று அம்மம்மாமார் சொல்வது இந்தப் பருவத்தைத்தான்.

நேரமும் இப்படித்தான் உருவாகிறது. மணி எத்தனை என்று பிள்ளைக்குத் தெரியாது. எதற்குப் பிறகு எது என்று தெரியும். பாண் விற்கும் முச்சக்கர வண்டி பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு தூரத்தில் வருகிறது. மெட்டு வளர்கிறது. அம்மம்மாவின் கால்கள் வாசலுக்குப் போகின்றன. கையில் மெதுமெதுவென்று ஒரு துண்டு. ஒரு வயதுப் பிள்ளையின் பின்னேரம் இவ்வளவும்தான். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பிள்ளைக்குப் பாங்கொலியும் உம்மாவின் கையில் படும் தண்ணீர்ச் சத்தமும் இதே வேலையைச் செய்யும். 'பிறகு', 'அப்போது', 'நேற்று' போன்ற சொற்களைப் போடாமல், ஒலிகளை வரிசையாக வைத்தே நேரத்தைக் காட்டிவிடலாம்.

இதுவரை பார்த்தது: முதல் ஆண்டில் புலன்கள் இருக்கின்றன, எதிர்பார்ப்பு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. பெயரும் காரணமும் இன்னும் வரவில்லை.

## கண்ணாடியும் கறுத்தப் பொட்டும்

தன்னுணர்வு எப்போது வருகிறது என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. கோர்டன் கெலப் 1970இல் சிம்பன்சிகளிடம் செய்ததை ஒத்த ஒன்றை, பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் 1972இல் பிள்ளைகளிடம் செய்தார். பிள்ளைக்குத் தெரியாமல் மூக்கில் சாயம் பூசிக் கண்ணாடி முன் விடுவார்கள். கண்ணாடியில் தெரியும் பிள்ளையை எட்டித் தொட்டால் அது வேறொருவர் என்று நினைக்கிறது. தன் மூக்கைத் தொட்டால் அது நான் என்று அறிகிறது. பெரும்பாலான பிள்ளைகள் 18 முதல் 24 மாதத்துக்குள் தம் மூக்கைத் தொடத் தொடங்குகின்றன.

நம் வீடுகளில் நாவூறு படாமல் கன்னத்தில் வைக்கும் கறுத்தப் பொட்டை வைத்தே இதைச் செய்து பார்க்கத் தோன்றும். அங்கே ஒரு பிசகு இருக்கிறது. தினமும் பொட்டோடு தன்னைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பொட்டு விசித்திரமாகப் படாது, தொடாமல் விட்டுவிடும். பிள்ளைக்குத் தன்னைத் தெரியவில்லை என்று நாம் பிழையாக எண்ணிவிடுவோம். வழக்கமில்லாத இடத்தில், மூக்கின் நுனியில், பிள்ளை கவனிக்காத நேரம் வைக்க வேண்டும். வைத்தவுடன் கண்ணாடியைக் காட்டக் கூடாது. முகத்தில் விரல் பட்ட நினைவு ஆறும்வரை கொஞ்ச நேரம் விளையாட விட்டுப் பிறகு காட்ட வேண்டும்.

'நான்' என்ற சொல் இன்னும் தாமதித்து வரும். அது மற்றச் சொற்களைப் போல இல்லை. 'மான்' என்றால் யார் சொன்னாலும் மான். 'நான்' என்பதை அம்மா சொன்னால் அம்மா, அக்கா சொன்னால் அக்கா. போதாததற்கு நாம் பிள்ளையோடு பேசும்போது அந்தச் சொல்லையே ஒளித்து விடுகிறோம். "அம்மா சோறு தீத்தட்டா?", "பிள்ளைக்குப் பசிக்குதா?" என்போமே தவிர, "நான் உனக்குத் தீத்தட்டா?" என்பது குறைவு. பிள்ளையும் "பிள்ளைக்கு வேணும்", "பாப்பாட பந்து" என்றே தொடங்கும். சில பிள்ளைகள் கொஞ்சக் காலம் நானையும் நீயையும் மாற்றிப் போடும். பிறகு ஒருநாள் "எனக்கு!" என்று பந்தைப் பறிக்கும். அந்த வேற்றுமையுருபில் ஒரு ஆள் பிறந்துவிடுகிறது.

இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய வசதி கையில் இருக்கிறது. அதை எவ்வளவு சொன்னாலும் போதாது. பசிக்கிறது, குளிர்கிறது, நோகிறது, தெரிகிறது, கேட்கிறது. இந்த வினைகள் 'நான்' என்ற எழுவாயைக் கேட்பதே இல்லை. பசி வருகிறது, யாருக்கென்று சொல்லாமலே வசனம் முழுமையாக நிற்கிறது. நாமே செய்கிற வேலைக்குக்கூட 'கை போனது', 'வாய் திறந்தது' என்று உறுப்பை எழுவாயாக்கலாம். ஆக, ஒரு தமிழ் விழிப்பு நாவல் நூறு பக்கத்துக்கு 'நான்' என்ற சொல்லே இல்லாமல், இலக்கணம் கொஞ்சமும் கோணாமல் போக முடியும். நூற்றியோராம் பக்கத்தில் அந்தச் சொல் முதல் தடவையாக வரும்போது வாசகருக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும். எழுவாயை விட்டால் வசனம் குறைந்து நிற்கும் மொழிகளில் இதே வேலைக்கு எழுத்தாளர் மிகவும் சுற்றி வளைக்க நேரிடும். நம் மொழியில் இது அன்றாடப் பேச்சு.

## ஏன் மறந்துபோகிறோம்?

வளர்ந்தவர்களிடம் முதல் நினைவைக் கேட்டால் அது பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குரியதாக இருக்கும். அதற்கு முந்தியது அநேகமாக வெறுமை. இதைக் குழந்தைப்பருவ மறதி என்பார்கள்.

பிள்ளையால் அந்த வயதில் எதையும் நினைவில் வைக்க முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கரோலின் ரோவி-கோலியர் என்ற உளவியலாளர் பிள்ளையின் காலில் நாடா ஒன்றைக் கட்டி, மறு நுனியைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் விளையாட்டுப் பொருளில் கட்டினார். காலை உதைத்தால் அது ஆடும். இதைக் கற்ற மூன்று மாதப் பிள்ளை சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகும், ஆறு மாதப் பிள்ளை சுமார் இரண்டு வாரத்துக்குப் பிறகும் அதே பொருளைக் கண்டதும் உதைத்தன. நினைவு இருக்கிறது. அது உடம்பில் இருக்கிறது, கதையாக இல்லை.

அதைப் பின்னாளில் சொற்களுக்கு மாற்ற முடியுமா? சிம்கொக், ஹெய்ன் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு எந்தப் பெரிய தத்துவத்தையும் விட எழுத்தாளருக்கு உதவும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு 'மந்திரப் பெட்டி' காட்டினார்கள். பெரிய விளையாட்டுப் பொருளை உள்ளே போட்டால் அதுவே சின்னதாகி வெளியே வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே பிள்ளைகளிடம் கேட்டார்கள். படத்தைக் காட்டினால் அடையாளம் கண்டார்கள்; பெட்டியை இயக்கியும் காட்டினார்கள். வாயால் சொல்லும்போது மட்டும், சம்பவம் நடந்த அன்று தெரிந்திருந்த சொற்களைத் தாண்டவில்லை. இடையில் நூற்றுக்கணக்கான சொற்களைக் கற்றிருந்தும், பழைய நினைவின் மேல் புதுச் சொல்லை ஒட்ட முடியவில்லை.

சொல் மட்டும் போதாது, சொல்லிக் கேட்பவரும் வேண்டும். "காலம என்ன கண்டம் பிள்ளை? கோட்டையில யார் படுத்திருந்தது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் தாய் பிள்ளைக்கு ஒரு நாளைக் கதையாக்கப் பழக்குகிறாள். நியூசிலாந்து மாவோரி மக்களின் முதல் நினைவுகள், அங்கு வாழும் ஐரோப்பிய வழியினரின் நினைவுகளை விட இளைய வயதுக்குரியவை என ஓர் ஆய்வு கண்டது. பழங்கதையைத் திரும்பத் திரும்பப் பேசும் அவர்களின் மரபு இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

திருகோணமலையில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு வயதாக இருந்தவர்கள் இன்று இருபதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் கடல் வந்த காட்சியைத் துல்லியமாகச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட கதையும், தொலைக்காட்சியில் கண்ட காட்சியும், உடம்பில் உண்மையாகவே தங்கிவிட்ட பயமும் சேர்ந்து ஒரே நினைவாகிவிட்டன. பயம் அவர்களுடையது, படம் அநேகமாகப் பிறர் தந்தது. இப்படிப்பட்ட ஒருவரிடம் "உனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்?" என்று மடக்கக் கூடாது. "எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம்" என்ற அடிப்படையில் நாவலையும் எழுதக் கூடாது.

தன் நினைவைச் சோதிக்க ஒரு சிறு வழி: அந்தக் காட்சிக்குள் நீங்களே தெரிகிறீர்களா என்று பாருங்கள். அம்மாவின் இடுப்பில் இருக்கும் உங்களை நீங்களே வெளியிலிருந்து கண்டால், அது சொல்லக் கேட்டோ புகைப்படம் பார்த்தோ கட்டியதாக இருக்கலாம். தீர்ப்பாக எடுக்க வேண்டாம், ஒரு சைகையாக எடுங்கள்.

சுருக்கம்: விழிப்பு நாவல் நினைவிலிருந்து எழுதப்படுவதில்லை. மனிதர் எவருக்கும் அந்த நினைவு கதையாகக் கிடைப்பதில்லை. அறிந்ததையும் கவனித்ததையும் கொண்டு அதைக் கட்டியெழுப்ப வேண்டும்.

## ஆடுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர்

சொல் தெரியாத பிள்ளையின் கதையை எந்தச் சொல்லால் சொல்வது? கிழக்கின் கூத்துக்களரியில் விடை இருக்கிறது. ஆடுபவர் களரியில் ஆடுவார். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் பின்னால் நின்று பாடுவார்கள். பாட்டு வேறொரு தொண்டையிலிருந்து வந்தாலும் சோகம் ஆடுபவருடையது. பார்ப்பவர்களுக்கு அதில் குழப்பமே வருவதில்லை.

விழிப்பு நாவலிலும் காண்பவர் பிள்ளை, சொல்பவர் பெரியவர். காண்பவரின் இடத்தை நோக்குநிலை என்றும், சொல்பவரின் மொழியைச் சொல்குரல் என்றும் பிரிக்கலாம். சொல் இரவலாக இருக்கலாம். காட்சி பிள்ளைக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்.

நம் பிள்ளைத்தமிழ் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு காலை மடக்கி, கையூன்றித் தலையசைக்கும் செங்கீரையும், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணியும் உன்னிப்பாகப் பார்த்த கண்ணுக்குக் கிடைத்தவை. ஆனால் அங்கே காண்பவரும் சொல்பவரும் தாய்தான். நிலாவை "வா" என்று அழைப்பது தாய். நிலா பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று கவி கேட்பதில்லை. விழிப்பு நாவல் தொடங்குவதே அந்தக் கேள்வியில்.

பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கை வைத்துப் பார்ப்போம். முதற்பல் வெளிவந்த பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, நகை என்று ஒரு தட்டில் பரப்பி முன்னால் வைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள்.

முதல் விதம்: "எனக்கு எட்டு மாதத்தில் பல் முளைத்ததைக் கொண்டாட மாமிமார் கூடியிருந்தார்கள்." இதில் பிள்ளையே இல்லை. மாதக் கணக்கு, காரணம், உறவுமுறை எல்லாம் பெரியவருடையவை.

இரண்டாம் விதம்: "அம்மா, கொலுக்கத்த! பாப்பாக்கு கொலுக்கத்த!" எட்டு மாதப் பிள்ளை இப்படிப் பேசாது. மழலையை அச்சில் போட்டால் பிள்ளை மனம் வந்துவிடும் என்பது இந்த வகையில் அதிகம் காணும் பிழை.

மூன்றாம் விதம்: "மேலே வெள்ளை வந்தது. குரல்கள் வெள்ளைக்கு அப்பால் போயின. வெள்ளை கனத்துத் தொங்கித் தலையைத் தொட்டது. இளஞ்சூடாக ஏதோ மடியில் விழுந்தது, மா மணத்தது. வாய் அழத் தயாரானது. அம்மாவின் முகம் சிரித்தது. வாய் நின்றது. கை சூட்டைத் தேடிப் போனது."

'வெள்ளை' என்ற சொல் பிள்ளைக்குத் தெரியாது. அது சொல்குரல் கொடுத்த கடன். வெண்மை தெரிந்தது பிள்ளைக்குத்தான். அழப்போன வாய் தாயின் முகம் பார்த்து நிற்பது சும்மா போட்ட நயம் இல்லை. முதல் வயதின் இறுதி மாதங்களில், புதிதாக ஒன்று வந்தால் அது நல்லதா கெட்டதா என்று பிள்ளை தாயின் முகத்தில்தான் வாசிக்கும். அடுத்து வரும் தட்டிலும் இதே கவனம் வேண்டும். பேனையை எடுத்தால் "படிக்கப்போறான்" என்று சபை சொல்லும். பிள்ளைக்குப் பேனை, பக்கத்தில் கிடந்த, மினுங்கிய, ஒரு கைக்குள் அடங்குகிற ஒன்று. இரண்டையும் ஒரே பந்தியில் வைத்து, ஒன்றும் விளக்காமல் விட்டால் போதும்.

## வழக்கமாக எங்கே பிசகும்

பெரிய பிசகு உயரத்தில் வரும். ஒரு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 75 சென்றிமீற்றர், கண் அதற்கும் கீழே. மீன் கடையை எழுதுகிறவர் பாரை, சூடை, கணவாய் என்று மேசைக்கு மேலே இருப்பதை அடுக்குவார். நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்குத் தெரிவது மேசையின் அடிப்பக்கம், அதிலிருந்து சொட்டும் தண்ணீர், சாரங்களின் கரை, செருப்புகள், தன் கண்ணுக்கு நேரே இன்னொரு சோடிக் கண்ணோடு காத்திருக்கும் பூனை. எழுதுமுன் அந்த உயரத்தில் குந்தியிருந்து பார்க்க வேண்டும். கூச்சமாக இருந்தால் கைபேசியை அந்த உயரத்தில் பிடித்துப் படமெடுத்து வந்து பார்க்கலாம்.

உவமையும் கவிழ்க்கும். "கப்பல் மலை போல நின்றது" என்றால் பிள்ளை மலையை முன்பே அறிந்திருக்க வேண்டும். பிள்ளை அறிந்ததிலிருந்துதான் உவமை வரலாம்: பால், துணி, வயிறு, கரண்டி. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளில் ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வேறு. பெரியவர் அதை எண்ணி ஒப்பிடுவார். பிள்ளைக்கு ஒவ்வொரு வாளியும் முதல் வாளி.

ஞானம் பேசும் சிசு இன்னொரு பொறி. பிள்ளை பெரியவர்களின் பாசாங்கைத் தோலுரிக்கும்படி எழுதுவது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொருவர் மனதில் பிழையான எண்ணம் இருக்க முடியும் என்று பிள்ளை தெளிவாகக் காட்டுவது நாலு வயதை ஒட்டித்தான். விம்மர், பெர்னர் என்ற ஆய்வாளர்கள் 1983இல் செய்த புகழ்பெற்ற சோதனைக்குப் பிறகு இது பலமுறை பார்க்கப்பட்டது. இரண்டு வயதுப் பாத்திரம் பெரியப்பாவின் பொய்யைக் கண்டுபிடிக்காது. அவர் குரல் மாறியதைக் கண்டுபிடிக்கும்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர் வீட்டில் ஒரு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருந்தால் ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடலாம்: திகதி, பிள்ளை சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது. மூன்றாவது நிரலைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். "ம்பா" என்று மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் அதற்கு அர்த்தமில்லை. "ம்பா: மாடு, ஆடு, மான், ஒருதரம் நாலுகால் ஸ்டூல்" என்று எழுதினால் ஒரு மனம் உலகத்தை வகுத்த விதம் கையில் இருக்கும். அன்றன்றே எழுத வேண்டும். ஸ்டூல் ஒரு கிழமைக்குள் அந்தப் பட்டியலை விட்டுப் போய்விடும், பிறகு மான்.